கள்ளக்குரலுக்குப் பயந்து கத்தாதீர்கள்

தண்ணீர் குடிக்க வேண்டும், மூச்சை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பாட்டுக் கற்கப் போன முதல் நாளிலேயே சொல்லிவிடுவார்கள். குரலைக் கெடுப்பவை வேறு; அவை இதோ.

மேல் ஸட்ஜத்தை நெஞ்சுக்குரலால் முட்டுவது

மேல் ஸட்ஜம் என்பது மேல் ஸ்தாயி தொடங்கும் ‘ஸ’; நெஞ்சுக்குரல் என்பது பேசும்போது வரும் கனத்த குரல். சிங்கப்பூரில் இது ஓயாமல் நடக்கிறது. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகப் பாடற்குழுவில் இருக்கும் பிள்ளைக்குத் தலைக்குரல், அதாவது மேலே கனமில்லாமல் ஒலிக்கும் மெல்லிய குரல், பழகியிருக்கும். அதே பிள்ளை கர்நாடக சங்கீத வகுப்பில் மேல் ஸ்தாயியை மெல்லிசாகத் தொட்டால், “கள்ளக்குரல் வேண்டாம், வாயைத் திறந்து பாடு” என்று அதட்டு விழுகிறது. அதில் பாதிதான் சரி. கள்ளக்குரல் என்கிற பொய்க்குரலில் காற்று ஒழுகும், ஸ்வரம் ஊன்றி நிற்காது. ஒழுகலைத்தான் அடைக்க வேண்டும். பிள்ளையோ தலைக்குரலையே விட்டுவிட்டு, கீழ் ஸ்தாயியின் கனத்தை அப்படியே மேலே சுமக்கிறது.

ஐந்து கட்டையில் பாடும் பெண்ணைக் கவனியுங்கள் (கட்டை என்பது பாடுபவர் ‘ஸ’ வைக்கும் சுருதியின் உயரம்). பஞ்சமம் (ப) வரை சிக்கல் இராது. தைவதத்தில் (த) முகவாய் தூக்கும். நிஷாதத்தில் (நி) கழுத்து நரம்பு புடைக்கும். மேல் ஸட்ஜத்தில் குரல்வளை ஏறிக்கொள்ளும். ஸ்வரம் ஓர் இழை இறங்கியே நிற்கும். அந்த ஸட்ஜத்தில் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 392 முறை மோதுகின்றன. மேலே போகப் போக அவை நீண்டு மெலிய வேண்டும். தடிமனாகவே வைத்துக்கொண்டு காற்றைத் தள்ளினால் மோதல் கடுமையாகும், நாளடைவில் நாண்களில் முடிச்சு விழலாம். ஒரு கட்டையில் பாடும் ஆண்களுக்கு இந்த இடறல் மேல் ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) இடையில் வரும்.

அதனால் மேலிருந்து இறங்கிப் பழகுங்கள். குவளையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா. மேல் காந்தாரத்தில் (க) மெல்லத் தொடங்கி நடுப் பஞ்சமம் வரை வழுக்கிக்கொண்டு வாருங்கள், பத்து முறை. குமிழி சீராக வந்தால் சரி. ஓரிடத்தில் தண்ணீர் துள்ளினால், அங்கே தள்ளுகிறீர்கள். அந்த ஸ்வரத்தைக் குறித்துக்கொண்டு, ‘ஊ’ என்று நான்கு எண்ணிக்கையில் வளர்த்து நான்கில் தணியுங்கள். உடையாமல் வந்த பிறகு ‘ஓ’, அதன் பிறகே அகாரம் (‘ஆ’). வீவக அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாருக்கும் இது கேட்காது.

எல்லாப் பாட்டுக்கும் நெஞ்சுக்குரலும் தலைக்குரலும் ஒரே கலவை

மேற்கத்திய பாடற்குழுவில் நடு மத்யமத்திலேயே மெலியத் தொடங்கலாம். கர்நாடக சங்கீதத்தில் பஞ்சமம், தைவதம் தாண்டி, நாண்கள் நன்றாக மூடியபடி மெலிய வேண்டும்; இல்லாவிட்டால் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) கரைந்துவிடும். சினிமா மெல்லிசையில் மைக் துணைக்கு இருக்கிறது, இன்னும் முன்பே கனத்தை விடலாம்.

வாரமெல்லாம் முணுமுணுப்பு, ஞாயிறன்று முழுக்குரல்

வேண்டாம். சமூக மன்ற மேடையில் பாடும் அளவில், வாரத்தில் இரண்டு நாளாவது அறை எடுத்துப் பாடுங்கள்.

கட்டையைக் குறைக்க வெட்கம்

ஐந்தில் முட்டினால் நாலரைக்கு இறக்குங்கள்.

கரகரப்போடு சாதகம் (பயிற்சி)

அன்றைக்குப் பாட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைக் கருவி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.