மாஸ்டர்செஃப் போட்டிக்கு வீட்டு அடுப்பிலேயே தயாராவது எப்படி

மாஸ்டர்செஃப் பிபிசியில் 1990இல் தொடங்கிய சமையல் போட்டி நிகழ்ச்சி. இன்று நாம் பார்க்கும் மிஸ்டரி பாக்ஸ் (மூடிய பெட்டியில் உள்ள பொருள்களை வைத்துச் சமைக்கும் சுற்று), பிரஷர் டெஸ்ட் (ஒரு செஃபின் பதார்த்தத்தை நேரத்துக்குள் செய்துகாட்டும் சுற்று) வடிவத்தை உலகெங்கும் பரப்பியது 2009இல் வந்த ஆஸ்திரேலியப் பதிப்பு. 2010இல் வந்த இந்திப் பதிப்பும், 2021இல் சன் டிவியில் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய தமிழ்ப் பதிப்பும் அந்த அச்சில் வார்த்தவைதான்.

இங்கே வருகிற எல்லோருக்கும் சமைக்கத் தெரியும். கடிகாரம் ஓடும்போது எடை, சூடு, நிமிடம் மூன்றும் யாருக்கு மனப்பாடமாக இருக்கிறதோ அவர்தான் தாக்குப்பிடிக்கிறார். வீட்டில் கைப்பக்குவத்தில் செய்து பெயர் வாங்கியவர்கள் முதல் சில சுற்றுகளிலேயே திணறுவதற்குக் காரணம் இதுதான். கைக்குப் பழகிய பாத்திரமும் அடுப்பும் அங்கே கிடையாது.

விண்ணப்பத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ‘தொழில்முறைச் சமையல்காரர் அல்லாதவர்’ என்பதற்கு ஒவ்வொரு பதிப்பும் தன் வரையறையை வைத்திருக்கும். கேட்டரிங் படித்திருந்தாலோ, வீட்டிலிருந்தே டிபன் விற்றாலோ விதியை வரிவரியாகப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

ஆடிஷன் தட்டு: ஆறினாலும் நன்றாக இருக்க வேண்டும்

பெரும்பாலான பதிப்புகளில் முதல் தேர்வுக்கு வீட்டில் சமைத்ததைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். அடுப்பு இருக்காது, சூடாக்கும் வசதியை நம்ப முடியாது. தட்டில் அடுக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். வரிசையில் மணிக்கணக்கில் காத்திருந்து, குளிரூட்டிய அரங்கில் போய்ப் பரிமாறுவீர்கள். எனவே ‘என்னுடைய சிறந்த சமையல் எது’ என்று யோசிப்பதற்கு முன் ‘ஐந்து மணி நேரம் கழித்து ஆறிப்போனபின் எது நன்றாக இருக்கும்’ என்று யோசியுங்கள்.

ஆப்பம், இடியாப்பம், தோசை மூன்றையும் மறந்துவிடலாம். மாவுச்சத்து ஆற ஆற இறுகும். ஆப்பம் தோல் மாதிரி ஆகிவிடும். சோறும் இறுகும், குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் வேகமாக. பொரித்தது எதுவானாலும் மூடிய டப்பாவில் தன் ஆவியிலேயே நமத்துவிடும். நெய் மிதக்கும் குழம்பும் ஆட்டுக்கொழுப்பும் ஏசி அரங்கில் வெள்ளையாக உறையும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே கட்டியாகிவிடும் என்பதைக் கேரளப் பாணியில் சமைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். நல்லெண்ணெய் இந்தச் சூட்டில் உறையாது. புளி, எண்ணெய், மசாலா தூக்கலாக இருக்கும் பதார்த்தங்கள் ஆறியபின் தேறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உதாரணத்துக்கு ஒரு தட்டு: நல்லெண்ணெயில் உதிரியாகச் செய்த சுறாப்புட்டு, அதன்மேல் பொடியாக நறுக்கிய மாங்காயும் சின்ன வெங்காயமும், பக்கத்தில் மொறுமொறுப்புக்கு ஒரு வடகம். சுறாப்புட்டு ஆறினாலும் சுவை குறையாது, நீர் விடாது, நினைத்த வடிவத்தில் அழுத்தி வைக்கலாம். மாங்காய்க் கலவையில் உப்பைப் போடாமல் தனியாக எடுத்துப்போங்கள். முன்பே போட்டால் நீர் விட்டுத் தட்டு முழுக்க ஓடும். வடகத்தை நன்றாக ஆறவைத்து, டிஷ்யூ விரித்த காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள்.

சூட்டில் சரியாகத் தெரிந்த உப்பும் இனிப்பும் ஆறியபின் மாறித் தெரியும். ருசி பார்ப்பதைச் சூட்டில் முடித்துவிடாமல், ஒரு கரண்டி எடுத்து முழுக்க ஆறவைத்து மறுபடி பாருங்கள். திருத்தம் அப்போதுதான்.

மீன், பால், தேங்காய் சேர்ந்த எதையும் 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரிக்குக் கீழுமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து, முறை வருவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுங்கள். நடுவருக்கு வயிறு கெட்டால் உங்கள் சுவையை யாரும் பேசமாட்டார்கள்.

தலைக்குள் இருக்க வேண்டிய அளவுகள்

மிஸ்டரி பாக்ஸைத் திறக்கும்போது கையில் குறிப்பு இருக்காது. காய், மீன், மசாலாவை ஊகித்துச் சமாளிக்கலாம்; மாவு, முட்டை, சர்க்கரை சேர்ந்தால் ஊகம் உதவாது. இவற்றை எடையாகவே மனப்பாடம் செய்யுங்கள்:

பாஸ்தா மாவு: 100 கிராம் மைதாவுக்கு 1 முட்டை. பிசைந்து 20 முதல் 30 நிமிடம் மூடி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும்.
டார்ட் மாவு (மேல்மூடி இல்லாத பையின் ஓட்டுக்கு): மைதா 3, வெண்ணெய் 2, குளிர்ந்த நீர் 1 என்ற எடைக் கணக்கு. நீரை முழுதும் ஊற்றாமல், மாவு சேரும் வரை மட்டும்.
ஷூ மாவு (ஓவனில் உப்பி உள்ளே கூடாகும் பிரெஞ்சு மாவு): நீர் 250 மில்லி, வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம், முட்டை 4.
கஸ்டர்ட் சாஸ்: பால் 500 மில்லி, மஞ்சள் கரு 5, சர்க்கரை 100 கிராம்.
கடல்பாசி (அகர் அகர்): 250 மில்லிக்குப் பொடியாக 2 கிராம்.

கடைசியாகச் சொன்னது நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் பலம். நோன்புக் காலத்தில் வீட்டில் கடல்பாசி காய்ச்சியவர்களுக்குத் தெரியும்: நன்றாகக் கொதித்தால்தான் கரையும், ஆனால் வெளியே வைத்தாலே உறைந்துவிடும். ஜெலட்டினுக்குக் கடுங்குளிர் வேண்டும்; சாதாரணக் குளிர்பெட்டியில் பன்னகோட்டா (இத்தாலிய க்ரீம் இனிப்பு) உறைய நாலு மணி நேரமாவது ஆகும். பிளாஸ்ட் சில்லர் (அதிவேகமாகக் குளிர்விக்கும் பெட்டி) இருந்தால் மெல்லிய, அகலமான அச்சில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் தேற்றலாம். ஆழமான கிண்ணத்தில் ஊற்றினால் நடுப்பகுதி உறையாது. வேகவைக்காத அன்னாசியோ பப்பாளியோ ஜெலட்டினில் சேர்த்தால் எவ்வளவு குளிரிலும் உறையவே உறையாது, அவற்றிலுள்ள நொதி புரதத்தை அறுத்துவிடும். பழத்தைக் கொதிக்க வைத்துச் சேர்த்தால் பிரச்சினை இல்லை.

அறுபது நிமிடத்தைப் பின்னோக்கிப் பிரிப்பது

முதல் மூன்று நிமிடம் முடிவெடுக்க. அதற்குள்ளேயே ஓவனை 180 டிகிரியில் போட்டு, ஒரு பாத்திரம் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிடுங்கள்; என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாவிட்டாலும் இரண்டும் தேவைப்படும். கடைசி எட்டு நிமிடம் தட்டுக்கு. மீதியைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

பெட்டியில் ஒரு முழுக் கொடுவா மீனும் ஒரு தேங்காயும் இருக்கிறதென்று வைப்போம். மீனைச் சுத்தம் செய்து, எலும்பை முதலில் எடுத்துச் சாறுக்குப் போட வேண்டும். மீன் எலும்புச் சாறு 20, 25 நிமிடத்துக்கு மேல் கொதித்தால் கசக்கும், அதனால் டைமர் அவசியம். அது கொதிக்கும் நேரத்தில் துருவலில் ஒரு கப் வெதுவெதுப்பான நீர் விட்டு முதல் பால் பிழியுங்கள், வெங்காயத்தை மெலிதாக அரிந்து எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போடுங்கள், மசாலாவை வதக்குங்கள். சாறை வடித்து மசாலாவில் சேர்த்துப் பாதியாகச் சுண்டவைத்து, அடுப்பைக் குறைத்தபின்தான் முதல் பால். அதற்குப்பின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். மேடையில் பதற்றத்தில் அடுப்பைக் கூட்டுபவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

மீன் துண்டு 47ஆம் நிமிடத்தில் கல்லில் ஏற வேண்டும். தோல் மொறுமொறுவென்று வர ஈரம் இருக்கவே கூடாது: டிஷ்யூவால் இரண்டு முறை ஒற்றி, போடும் நொடியில்தான் உப்பு. எண்ணெய் காய்ந்ததும் தோல்பக்கம் கீழே வைத்து, முதல் அரை நிமிடம் கரண்டியால் அழுத்துங்கள். இல்லையென்றால் துண்டு வளைந்து நடுத்தோல் வேகாது. பிறகு மிதமான சூடு. இரண்டு சென்டிமீட்டர் துண்டுக்கு நாலைந்து நிமிடம் தோல்பக்கம், திருப்பி ஒரு நிமிடம். தானாக விடுபடும் வரை கரண்டியை அடியில் விடாதீர்கள்.

மட்டன் வந்தால் கணக்கு கடுமையாகும். தோள்பட்டைக் கறி குக்கரில் முதல் விசிலுக்குப் பின் குறைந்த தீயில் 25 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கப் பத்து நிமிடம். விசில் வரும் நேரத்தையும் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் போய்விடும். எட்டாவது நிமிடத்துக்குள் குக்கரை மூட முடியாதென்றால் அந்தத் திட்டத்தையே விடுங்கள். கொத்துக்கறி போடுங்கள், அல்லது ஈரலைப் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் வாட்டுங்கள். கோழி என்றால் நெஞ்சுக்கறியைவிடத் தொடை பிழையைப் பொறுக்கும். தெர்மாமீட்டர் எலும்பருகே 74 டிகிரி காட்ட வேண்டும்.

பிரஷர் டெஸ்ட்

ஒரு பெரிய செஃப் தன் பதார்த்தத்தைக் கொண்டுவந்து வைப்பார், குறிப்பைத் தருவார், நேரத்தைச் சொல்வார். ஆஸ்திரேலிய முதல் பருவத்தில் இனிப்பு வல்லுநர் அட்ரியானோ ஜும்போ கொண்டுவந்த குரோகம்புஷ் பெயர்போனது: ஷூ உருண்டைகளுக்குள் கஸ்டர்ட் நிரப்பி, கேரமலில் தோய்த்துக் கோபுரமாக அடுக்குவது. இதைப் பயிற்சிக்கு எடுத்தால் மூன்று அடிப்படை வேலைகளும் ஒரே நாளில் தேறும்.

குறிப்பை முழுதும் படிக்காமல் எதையும் தொடாதீர்கள். ‘குளிரவிடவும்’, ‘ஊறவிடவும்’ என்ற சொற்களை அடிக்கோடிட்டு, அவற்றுக்குரிய வேலையை முதலில் தொடங்குங்கள். இரண்டாம் பக்கத்தில் ‘இரண்டு மணி நேரம் குளிர்விக்க’ என்று இருப்பதைப் பாதி நேரம் போனபின் பார்த்தவர்களுக்குப் பரிகாரம் கிடையாது.

ஷூ மாவை அடுப்பிலேயே கிளறி, பாத்திரத்தின் அடியில் மெல்லிய படலம் ஒட்டும்வரை ஈரத்தை வற்றவிட வேண்டும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். மாவு கரண்டியிலிருந்து முக்கோணமாகத் தொங்கி விழும் பதத்தில் நிறுத்திவிடலாம், நாலாவது முட்டை முழுதும் தேவைப்படாமல் போகலாம். முதல் 20 நிமிடம் ஓவன் கதவைத் திறந்தால் உப்பியது அமுங்கும், மீண்டும் எழாது.

கஸ்டர்ட் 82 முதல் 84 டிகிரியில் கெட்டிப்படும். 85ஐத் தாண்டினால் முட்டை திரியத் தொடங்கும். லேசாகத் திரிந்தால் உடனே இறக்கி மிக்ஸியில் இருபது நொடி அடித்து வடிகட்டினால் காப்பாற்றலாம். உருண்டைக்குள் நிரப்புவதற்கான கஸ்டர்டில் மாவு சேரும், அது கொதித்தே ஆக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேரமலில் சர்க்கரை பூத்துப்போவதற்கு (மறுபடி பரலாவதற்கு) காரணம் கிளறுவதும், பாத்திர விளிம்பில் ஒட்டிய பரல்களும். ஈரத் தூரிகையால் விளிம்பைத் துடையுங்கள், கரண்டி வேண்டாம். பூத்துவிட்டால் கொட்டாதீர்கள்; தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சலாம். சென்னை மாதிரி ஈரக்காற்றுள்ள ஊரில் பயிற்சி செய்தால் கேரமல் விரைவில் பிசுபிசுக்கும், அது உங்கள் தவறல்ல.

டார்க் சாக்லேட்டை 45–50 டிகிரியில் உருக்கி, 27–28க்கு இறக்கி, மறுபடி 31–32க்கு ஏற்றினால்தான் பளபளப்பும் ‘டக்’ என்ற முறிவும் வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மொத்தமும் கட்டிதட்டிவிடும், எனவே பக்கத்தில் கொதிக்கும் பாத்திரம் இருக்கக்கூடாது.

உப்பு, தட்டு, பேச்சு

குழம்பு, சாஸ் எதற்கும் எடையில் ஒரு சதவீத உப்பில் தொடங்கலாம்: அரை கிலோவுக்கு 5 கிராம், சுமாராக ஒரு தட்டை டீஸ்பூன் பொடி உப்பு. சுண்டப்போகும் சாஸுக்கு உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். சப்பென்று தெரிந்தால் உடனே உப்பை அள்ளாமல் சில சொட்டு எலுமிச்சையோ புளியோ விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

நேரம் முடிந்தபின் படம்பிடித்து, முறைபோட்டுச் சுவைக்கும்வரை தட்டு காத்திருக்கும். அதனால் சாஸைத் தட்டில் குளமாக ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வைப்பது நல்லது. மொறுமொறுப்பானது எதுவும் ஈரத்தின்மேல் உட்காரக்கூடாது. ஐந்து பொருளுக்கு மேல் போனால் எடுக்க வேண்டியதைத் தேடுங்கள். மூக்குத்தி மாதிரி ஒரே ஒரு கொத்தமல்லி இலையைத் தட்டின் மூலையில் வைப்பதை அலங்காரம் என்று எந்த நடுவரும் எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டுச் சாப்பாடு இந்த மேடைக்கு ஏற்றதா என்று தயங்குபவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்லலாம். சிங்கப்பூரில் பிறந்த தமிழரான சசி செல்லையா, அடிலெய்டில் சிறை அதிகாரியாக இருந்தவர், 2018இல் ஆஸ்திரேலியப் பட்டத்தை இறுதிச் சுற்றில் 100க்கு 93 எடுத்து வென்றார். 2021 ஆஸ்திரேலியப் பதிப்பின் இறுதிச் சுற்றில் கிஷ்வர் சௌத்ரி வைத்தது பாந்தா பாத், அதாவது வங்காளத்துப் பழைய சோறு, கூடவே உருளைக்கிழங்கு மசியலும் மத்தி மீனும். மூன்றாம் இடம் பிடித்தார். நடுவர் கேட்டால் பதார்த்தத்தின் பெயர், எந்த ஊர்ச் சமையல், உங்கள் கைவேலை எதில் இருக்கிறது, மூன்றையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்.

வீட்டில் பயிற்சி

வீட்டிலுள்ள ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் எட்டுப் பொருள் வாங்கி மூடிய பெட்டியில் வைக்கட்டும். அதில் இரண்டு பொருளாவது நீங்கள் வழக்கமாகச் சமைக்காததாக இருக்க வேண்டும். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இரண்டு அடுப்பு, ஒரு பலகை, ஒரு கத்தி, 60 நிமிடம். பொருள் எடுக்க அலமாரிக்கு ஒரே முறைதான் போகலாம் என்று விதி வையுங்கள். மறந்த எண்ணெய்க்காகத் திரும்ப ஓட முடியாது என்ற பயம் அப்போதுதான் பழகும். நேரம் முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, தட்டைப் பத்து நிமிடம் அப்படியே வைத்துப் பிறகு சாப்பிடக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள்: பூண்டு உரிக்க, மீன் வெட்ட, தேங்காய் துருவ. நினைப்பதைவிடத் தேங்காய்க்கு எப்போதும் கூடுதலாகவே ஆகும், உடைக்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.