பிள்ளைக்குக் காய்ச்சல்: அளவில் தொடங்கும் தவறுகள்

மருந்துக் கடையில் "குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்த மூன்றில் ஒன்று: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள சிரப், 5 மில்லியில் 250 உள்ள சிரப், 1 மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்து. பெட்டியைப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. போன தடவை சிரப் 5 மில்லி கொடுத்த ஞாபகத்தில் சொட்டு மருந்திலும் 5 மில்லி ஊற்றினால், பிள்ளை வயிற்றுக்குள் போவது 500 மில்லிகிராம். பெரியவர்கள் போடும் ஒரு மாத்திரை அது. அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல். முதல் நாள் வெளியே ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

அளவை வயதை வைத்துச் சொல்லக்கூடாது, எடையை வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 150. அது 250 சிரப்பில் 3 மில்லி, 120 சிரப்பில் 6 மில்லிக்குக் கொஞ்சம் மேல், சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. உங்கள் பாட்டிலுக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கணக்குப் போட யாருக்கும் வராது. சமையலறைக் கரண்டியும் வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒரு அளவு. ஊசி இல்லாத சிரிஞ்சு மருந்துக் கடையில் கிடைக்கும். ஊற்றும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கியிருந்தால் முதல் வேளை நீர்த்தும் கடைசி வேளை கெட்டியாகவும் போகும்.

அடுத்த தவறு அவசரம். மருந்து வேலை செய்யத் தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 103-லிருந்து 101-க்கு வந்தால் மருந்து கேட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். 98.6-க்கு வரவில்லையே என்று அடுத்த வேளையை முன்கூட்டிக் கொடுக்கக்கூடாது. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், 6 இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். சளிக்கென்று வாங்கும் பல சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். நன்றாகத் தூங்கும் பிள்ளையை மருந்துக்காக எழுப்பவும் தேவையில்லை. மருந்து கொடுப்பது பிள்ளையின் அவஸ்தை குறையத்தானே தவிர, தெர்மாமீட்டரைத் திருப்திப்படுத்த அல்ல.

பாராசிட்டமால் கேட்கவில்லை என்று ஐபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் என்று தாவுகிறவர்கள் நிறையப் பேர். டெங்கு காலத்தில் இது ஆபத்து, ரத்தக்கசிவைக் கூட்டும். வாந்தி பேதியில் உடம்பு வற்றிய பிள்ளைக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்காக அறவே கூடாது.

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது காய்ச்சலை அளப்பது ஆகாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குளில் வியர்வையைத் துடைத்து, முனை நடுக்குழியில் தோலோடு ஒட்டும்படி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, 'பீப்' கேட்கும்வரை பொறுங்கள். குளித்தவுடனும் கம்பளிக்குள்ளிருந்து எடுத்தவுடனும் பார்த்தால் கணக்குத் தப்பும். அக்குள் அளவோடு ஒரு டிகிரி கூட்டிச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வந்த எண்ணை வந்தபடி, எங்கே வைத்துப் பார்த்தது என்பதோடு சொன்னால் டாக்டர் புரிந்துகொள்வார்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் எண்ணே பெரிய விஷயம். 100.4 தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. இந்த வயதில் கடும் தொற்று இருந்தும் உடம்பு சில்லிட்டுப் போவதுண்டு, அதுவும் அதே அவசரம்தான். இதற்கு ஒரே விலக்கு, தடுப்பூசி போட்ட அன்று வரும் காய்ச்சல்: அதற்கு நர்ஸ் சொன்ன அளவைக் கொடுக்கலாம். பால் குடிக்காவிட்டாலோ துவண்டாலோ ஊசியின் மேல் பழி போடாதீர்கள். "பல் முளைக்குது, அதான்" என்பதும் அப்படித்தான். பல் முளைப்பதால் 101, 102 வராது.

ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம். தோல் சுருங்கி, பிள்ளை நடுங்கி, அந்த நடுக்கமே சூட்டைக் கூட்டும். ஸ்வெட்டர், குல்லா, கம்பளி என்று மூட்டை கட்டுவதும் தவறு. ஒரு மெல்லிய பருத்திச் சட்டை, மிதமாக ஓடும் ஃபேன் போதும். சோறு இறங்காவிட்டால் பரவாயில்லை, கஞ்சி, இளநீர், தாய்ப்பால் என்று நீர் இறங்க வேண்டும். எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் 104 காய்ச்சலைவிட அதற்குத்தான் ஓட வேண்டும்.

ஜன்னி வந்தால் கையில் இரும்பு கொடுப்பது, பல்லிடுக்கில் கரண்டி சொருகுவது, வாயில் தண்ணீர் விடுவது மூன்றும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினால் 108. நின்றாலும், முதல் தடவை என்றால் அன்றே காட்டிவிடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. டெங்குவில் மோசமான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் வரும், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று பள்ளிக்கு அனுப்பும் நாளே அந்த நாளாக இருக்கலாம். காய்ச்சல் விட்ட பின் இரண்டு நாள் கூடவே இருந்து பாருங்கள்: கை கால் சில்லென்று இருக்கிறதா, வயிறு வலிக்கிறது என்கிறதா, வாந்தி நிற்காமல் வருகிறதா, ஈறில், மூக்கில் ரத்தம் தெரிகிறதா, வழக்கமாக ஓடியாடும் பிள்ளை சுருண்டு படுக்கிறதா. ஒன்று இருந்தாலும் தெர்மாமீட்டர் 98 காட்டுவதைப் பார்த்துச் சும்மா இருந்துவிடாமல், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.