ஆயுர்வேத தினசரியை: பட்டியல் இருக்கிறது, நிபந்தனை எங்கே?

ஆயுர்வேதம் சொல்லும் அன்றாடப் பழக்கங்களின் வரிசைதான் தினசரியை. அதைப் பின்பற்றத் தொடங்கிய முதல் நாள் அலாரம் 4.30க்கு. எழுந்ததும் ஒரு லிட்டர் வெந்நீர், நாக்கு வழிப்பு, இருபது நிமிடம் வாயில் எண்ணெய், உடம்பு முழுக்க எண்ணெய்த் தேய்ப்பு, மூச்சு வாங்கும்வரை உடற்பயிற்சி, கடைசியில் கொதிக்கும் நீரில் தேன். ஏழு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்ட பெருமை பதினொரு மணிவரை நின்றது. அதற்குமேல் கணினி முன்னால் தலை ஆடத் தொடங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

குற்றம் ஆயுர்வேதத்தின் மேல்தான் என்று அப்போது நினைத்தேன். பிறகு வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் முதல் பகுதியான சூத்திர ஸ்தானத்தில் இரண்டாம் அத்தியாயத்தின் பெயரே தினசரியை. நான் செய்தவற்றில் பலவற்றுக்குப் பக்கத்திலேயே யாருக்கு, எப்போது, எவ்வளவு என்றும் அங்கே சொல்லியிருந்தது. கைக்குக் கை மாறும் காலைப் பட்டியல்களில் அந்தப் பகுதி மட்டும் உதிர்ந்துபோகிறது. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

எழச் சொல்லும் நேரமான பிரம்ம முகூர்த்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிகிறது. ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. அப்போது எழச் சொல்லும் சுலோகத்தில் ‘ஸ்வஸ்தன்’ என்றொரு சொல் இருக்கிறது. ஆரோக்கியமாக இருப்பவன் என்று பொருள். காய்ச்சலில் கிடப்பவருக்கோ, இரவுப் பணி முடித்து வருபவருக்கோ அது சொல்லப்படவில்லை. நள்ளிரவில் படுத்து நாலரைக்கு எழுவது தூக்கத்தைத் திருடுவது, அவ்வளவுதான். அதே நூலின் நான்காம் அத்தியாயம், அடக்கக் கூடாத 13 இயற்கை வேகங்களில், அதாவது உடம்பின் உந்துதல்களில், தூக்கத்தையும் சேர்க்கிறது. மலம், சிறுநீர், தும்மல், பசி, தாகம் எல்லாம் அந்த வரிசையில்தான். காலைச் சடங்குகளைக் குறையில்லாமல் முடித்துவிட்டு, வேலை மும்முரத்தில் மதியம்வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடற்பயிற்சியில் நிபந்தனை இன்னும் கறார். பலமுள்ளவர்கள், நெய்ப்புள்ள உணவு உண்பவர்கள், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தங்கள் சக்தியில் பாதி அளவுக்குச் செய்யலாம். மற்றக் காலங்களில் அதையும் குறைக்க வேண்டும். நெற்றியில் வியர்வை அரும்பி வாய் உலரத் தொடங்கினால் பாதி ஆயிற்று என்று கொள்வது வழக்கம். அளவு மீறுபவனுக்கு வாக்படர் ஓர் உவமை வைத்திருக்கிறார்: யானையை இழுத்துச் செல்லப் பார்க்கும் சிங்கம்போல் அழிவான். பட்டினி கிடந்து மெலிந்துகொண்டே கடும் பயிற்சியும் செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிங்கம்தான் நினைவுக்கு வரும்.

எண்ணெய்த் தேய்ப்பு தினமும் வேண்டும் என்கிறது நூல். ஆனால் கபம் மிகுந்த நோயாளிக்கும், அஜீரணம் உள்ளவருக்கும், வமனம் (வாந்தி), விரேசனம் (பேதி) போன்ற சுத்தி சிகிச்சை முடித்த கையோடு இருப்பவருக்கும் வேண்டாம் என்கிறது. முந்தைய இரவின் ஏப்பம் இன்னும் புளிப்பாக வருகிறதென்றால் அன்று எண்ணெய்க்கு விடுமுறை. நேரமில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: தலை, காது, பாதம் மூன்றிலும் சிறப்பாகத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார் வாக்படர். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயை உள்ளங்காலில் தேய்க்க இரண்டு நிமிடம் போதும். தேய்த்த காலோடு குளியலறையின் ஈரத் தரையில் நடக்காதீர்கள், வழுக்கும். இதை எந்த ஆசாரியரும் எழுதவில்லை, என் முழங்கை எழுதியது. குளிக்கும்போது வெந்நீர் கழுத்துக்குக் கீழேதான். தலையில் ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்பது நூலின் கருத்து.

கொதிநீரில் தேன் கலப்பது ஆயுர்வேதத்தின் பெயரால் நடக்கும் ஆயுர்வேத விரோதம். தேனைச் சூடாக்குவதையும், சூடான பொருளோடு சேர்ப்பதையும் மூல நூல்கள் நேரடியாகவே தடுக்கின்றன. தண்ணீரும் அப்படித்தான். சரத் காலமும் (மழைக்குப் பின்வரும் பருவம்) கோடையும் தவிர்த்து ஆரோக்கியமானவர்கூடக் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும் என்னும் வாக்படர், விடிந்ததும் லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொள்வதை ரசித்திருக்க மாட்டார்.

மூக்கு விவகாரத்தில் குழப்பம் அதிகம். மூக்கில் மருந்தெண்ணெய்ச் சொட்டு விடும் நஸ்யம் ஆயுர்வேதம்; மூக்கை நீரால் கழுவும் நேத்தி ஹடயோகம். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றுகிறார்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இப்படிச் செய்த இருவர், மூளையைத் தாக்கும் நேக்லேரியா அமீபாவால் இறந்தார்கள். குறைந்தது ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறிய நீர் மட்டுமே மூக்குக்கு.

‘நான் வாத உடம்பு’ என்று பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லித் தாங்களே முத்திரை குத்திக்கொள்வதும் நடக்கிறது. பிறவி இயல்பு பிரகிருதி. இன்று உடம்பு இருக்கும் கோளாறு நிலை விகிருதி. பதற்றமான ஒரு வாரத்தில் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் யாருக்கும் வாதம்தான் வரும். நாடி பார்த்து, நாக்கு பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியர் சொல்லட்டும்.

மருந்தை தினசரியையில் சேர்ப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. எண்ணெயும் தூக்கமும் பழக்கம்; அசுவகந்தா (அமுக்கரா) மாத்திரை மருந்து. தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. காலையில் எண்ணெய் தேய்க்கிறோமே என்று சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கியதுதான் நான் செய்த முதல் தவறு. பழகிப்போன கெட்டதைக் கால் பங்கு கால் பங்காக, முடியாவிட்டால் காலில் கால் பங்காக விடச் சொல்கிறது நூல். நல்லதைப் பிடிப்பதும் அதே கணக்கில். காலில் கால் என்றால் நம் பழைய கணக்கில் வீசம், பதினாறில் ஒன்று. இரண்டாம் முறை அதைத்தான் செய்தேன். படுக்கும் நேரத்தை வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் நகர்த்தினேன், வேறெதையும் தொடவில்லை. ஆறு வாரம் கழித்துப் பத்தரைக்குப் படுத்து, ஐந்தே முக்காலுக்கு அலாரம் இல்லாமல் விழித்தேன். அதன் பிறகுதான் பாதத்துக்கு எண்ணெய். வாயில் எண்ணெய் இன்னும் தொடங்கவில்லை.