ராயல் கிளிப்பரில் போகணுமா? அறையைவிடக் காற்றை முதலில் பாருங்கள்

ஐந்து பாய்மரம், 42 பாய், 134 மீட்டர் நீளம். 2000-இல் ஓடத் தொடங்கிய ராயல் கிளிப்பர் என்ற பயணிகள் பாய்க்கப்பலின் படத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது எந்த அறை நல்லது என்றுதான். அறை அப்புறம். எந்தக் கடல், எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வழக்கமாகக் கோடையில் மத்தியதரைக் கடல், குளிர்காலத்தில் கரீபியன். கோடையில் மத்தியதரைக் கடலில் சில நாள் காற்றே இருக்காது, எஞ்சினில்தான் நகர வேண்டும். கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து கிளம்பும் பயணங்களில் வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று (trade wind) நிலையாக வீசும், அதனால் பாய் விரித்து ஓடுவதை ஆசைதீரப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு கரீபியனைப் பிடியுங்கள். இத்தாலியில் ஏறி மான்டினீக்ரோ போய் மறுபடி இத்தாலியில் இறங்கும் வழி என்றால், ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது, மான்டினீக்ரோ அதில் சேராது) பலமுறை நுழைய விடுவதாக இருக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, அறை. குமட்டல் வருகிற ஆளாக இருந்தால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. லிஃப்ட் கிடையாது. முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை யோசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரிய சூட்கேஸ் வேண்டாம், மடித்துக் கட்டிலடியில் தள்ளக்கூடிய துணிப்பை போதும்.

ஏறிய பிறகு ஒன்றே ஒன்று: பாய் ஏற்றும் நேரத்தில் அறையில் இருக்காதீர்கள். குறுக்கு மரங்களுக்குள் சுருண்டிருக்கும் பாய்கள் மோட்டாரில் ஒவ்வொன்றாக இறங்கி, முதலில் தொளதொளவென்று படபடக்கும். காற்று பிடித்ததும் சட்டென்று விம்மி அமைதியாகிவிடும், அந்த நொடியில் தளம் லேசாகச் சாய்வது காலில் தெரியும். கயிறு இழுக்க ஆசைப்பட்டால் மாலுமிகளிடம் கேளுங்கள், சேர்த்துக்கொள்வார்கள். சுக்கான் இருக்கும் இடத்துக்கும் தாராளமாகப் போகலாம்.

பாய்மரம் ஏறுவது வானிலை ஒத்துவந்தால்தான். இடுப்பில் பாதுகாப்புப் பட்டை மாட்டிவிடுவார்கள், மேலே நின்று பார்க்க ஒரு மேடை இருக்கிறது. செருப்போடு போகாதீர்கள், கால் மூடிய ஷூ வேண்டும். கயிற்றேணியில் கையைவிடக் காலுக்கு வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் பாதியிலேயே தோள் கடுக்கும்.

ஏற பயமாக இருந்தால் கப்பலின் முன்முனையான அணியத்துக்குப் போங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்குக் கீழே வலை கட்டியிருப்பார்கள். அதில் குப்புறப் படுத்தால் நேர் கீழே கப்பல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது தெரியும், கொடுப்பினை இருந்தால் டால்பின்களும் கூடவே ஓடிவரும். காலையில் சீக்கிரம் போனால் இடம் கிடைக்கும். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போனை ஜிப் வைத்த பையில் போட்டுவிட்டு இறங்குங்கள்.