மாணவர் நலப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஒவ்வொரு கல்வியாண்டிலும் உதவித்தொகை, விடுதி, மாணவர் குறைதீர்ப்பு என்று எதையாவது ஒரு புது ஆசிரியர் தலையில் கட்டிவிடுகிறார்கள். நாங்கள் அன்று இடறிய இடத்திலேயே அவர்களும் இடறுகிறார்கள். கடைசித் தேதியை விடாதே, ஃபைலைத் தொலைக்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

"ஆதார் லிங்க் ஆயிடுச்சா?" என்று கேட்டதோடு விடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். உதவித்தொகைக்காக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேள்வியைப் போடுகிறார்கள். "ஆயிடுச்சு சார்" என்று பதில் வருகிறது. பட்டியலில் டிக் விழுகிறது. மாணவர் பொய் சொல்லவில்லை. வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறார். ஆனால் அது வெறும் கேஒய்சி, அதாவது ஆள் அடையாளச் சரிபார்ப்பு. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பதிவில் அந்த ஆதாருக்கு நேரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் போகும். அந்தப் பதிவில் கடைசியாக இணைத்த வங்கி எதுவோ, அதுதான் செல்லும்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தருவது) தனக்கு மட்டும் வரவில்லை என்று அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "மேலே பெண்டிங்மா, வரும்" என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் மேசைக்கு வந்ததும் மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' திறந்து பார்த்தோம். அவர் கேள்விப்படாத வங்கியின் பெயர் இருந்தது. சிம் வாங்கிய கடையில் கைரேகை வைத்தபோது திறந்துவிட்ட கணக்கு அது. சென்ற பருவத்திலேயே பணம் அங்கே விழுந்திருக்கிறது. அதற்குள் தேர்வுக் கட்டணத்துக்காக அவர் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிருந்தது.

ஆகவே, வகுப்பு வகுப்பாக லேபில் உட்காரவைத்து அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வங்கிப் பெயரையும் 'ஆக்டிவ்' என்பதையும் உங்கள் கண்ணால் பாருங்கள். ஓடிபி பெரும்பாலும் அப்பாவின் போனுக்குப் போகும், அவர் வேலையில் இருப்பார். முதல் நாளே வீட்டில் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். எண் மாறியிருந்தால் ஆதார் மையத்துக்கு அலைய வேண்டிவரலாம் என்பதால், சேர்க்கை முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள்.

வகுப்பில் சாதியைச் சொல்லி எழுப்புவது

"எஸ்சி, எஸ்டி பிள்ளைங்க எழுந்திருங்க." இனி ஒரு முறைகூட வேண்டாம். பதிவெண்ணைச் சொல்லி அழையுங்கள்.

உதவித்தொகை போர்ட்டலின் ஓடிபி ஒருவர் போனில் மட்டும் வருவது

அவர் இல்லாத நாளில் வேலை நிற்கும். பிரிவுக்கென்று தனி சிம் வாங்குங்கள்.

ராகிங் புகாரைப் பேசி முடிப்பது

அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996-ல் ராகிங்கில் கொல்லப்பட்டார். 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிமுறைகள், குற்றம் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைமை போலீசில் புகார் பதிய வேண்டும் என்கின்றன. "சின்னப் பசங்க, கூப்பிட்டுச் சமாதானம் பண்ணிடலாம்" என்று சொல்ல உங்களுக்கு அதிகாரமே இல்லை. எழுத்தில் வாங்கி அன்றே முதல்வர் கையில் சேருங்கள். புகார் கொடுத்தவர் விடுதி மாணவர் என்றால், அன்று மாலைக்குள் அறையை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.