கம்பாலாவில் முகவரிப் பெட்டியைத் தூக்கிய கதை

உகாண்டாவின் கம்பாலாவில் சாப்பாடு டெலிவரி ஆப் எழுதியபோது கதவு எண், தெரு, பின்கோடு என்று மூன்று பெட்டி வைத்தேன். நம்மூர்ப் பழக்கம். அங்கே பல வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. ஒருவர் மூன்றிலும் "மசூதிக்குப் பின்னால், நீலக் கேட்" என்றே அடித்திருந்தார். போடா போடாக்காரர் (சிரிக்காதீர்கள், பைக் டாக்ஸிக்கு அங்கே அதுதான் பெயர்) அரை மணி நேரம் சுற்றினார். ரோலெக்ஸ், அதாவது முட்டை சுருட்டிய சப்பாத்தி, ஆறி அவலாகிவிட்டது.

சரி என்று பெட்டிகளை எடுத்துவிட்டு, "பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். கூடவே, ஓட்டுநர் வாடிக்கையாளரை அழைக்க ஒரு பட்டன். முதல் டெலிவரி முடிந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை வாடிக்கையாளரின் போன் எண்ணோடு சேமித்தேன். அடுத்த ஆர்டருக்கு அந்தக் கேள்வியும் இல்லை. கார்டுக்குப் பதில் மொபைல் மணி, அதாவது போன் எண்ணையே கணக்காக வைத்துப் பணம் அனுப்பும் முறை. சாதாரண பட்டன் போனில் பின் நம்பர் அடித்தாலே பணம் வந்துவிடும்.