மூன்றாவது மாடிக்கு ஒரு சின்ன நாய்

நாய் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த இனம் என்று நான் கேட்பதில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் கேட்பேன்.

எங்களுடையது மயிலாப்பூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகளுக்கு டாக்ஸ்ஹுண்ட் மேல் ஆசை. நீள முதுகு, குட்டைக் கால். முதுகெலும்புத் தட்டு விலகும் ஆபத்து அந்த இனத்துக்கு அதிகம். தினமும் அறுபது படி ஏறி இறங்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. பக்? முகம் தட்டை, மூச்சு விடவே சிரமப்படும். சென்னையின் மே மாதத்தை ஏசி இல்லாமல் தாங்காது. ஷிட்ஸு சமத்துதான், ஆனால் தினமும் சீவாவிட்டால் முடி சடை பிடித்துவிடும்.

கடைசியில் வந்தது இந்தியன் ஸ்பிட்ஸ். நம்மூரில் ‘பொமரேனியன்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நம் வெயிலுக்குப் பழகிய இனம். காலிங் பெல், கூரியர், காக்காய் எல்லாவற்றுக்கும் குரைக்கும் என்பதால் பக்கத்து வீட்டு மாமியிடம் முன்பே சொல்லிவைத்தேன். அப்புறம் முடி! கறுப்புப் பேன்ட் போடுவதையே விட்டுவிட்டேன்.

வாங்கும்போது தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். குட்டிக்கு 8 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். காட்ட மறுத்தால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, திரும்பி வந்துவிடுங்கள்.